எலிவேட்டர் வீட்டார்

எங்கள் ஊருக்குப் புதிதாக ஒரு பொருள் வந்தால் அதன் சொல் பின்னாலேயே பஸ்ஸில் வந்து சேரும். சொல் வரும்வரை பொருள் வேலை செய்யாது. வந்த சொல்லை யாராவது ஒரு வீட்டில் தங்கவைத்து மூன்று வேளையும் சாப்பாடு போட வேண்டும். முதல் ஃபிரிட்ஜ் வந்தபோது அதன் சொல் ஈரோட்டில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டது. அது வரும்வரை வாத்தியார் வீட்டில் அந்தப் பெட்டிக்குள் போர்வைகளை மடித்து வைத்திருந்தார்கள். மிக்சி என்ற சொல் ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் தங்கியது. அதற்குக் காரம் ஆகாது, தயிர்சோறுதான். ஊர் பழகிவிட்டால் சொற்கள் தாங்களே வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு அவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை.

நான் அரிசி மில்களுக்கு பெல்ட் விற்கிற கடை வைத்திருக்கிறேன். பெயர் சென்னியப்பன். நாங்கள் குடியிருப்பது ஊரின் முதல் ஐந்து மாடிக் கட்டடத்தில். நான் முதல் மாடி, என் அக்கா மயிலாத்தாள் ஐந்தாவது மாடி. வீடு வாங்கும்போது அக்காவுக்கு முழங்கால்கள் நன்றாக இருந்தன. காற்று வேண்டும், ஊரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து உச்சியைக் கேட்டு வாங்கினாள். பிறகு மாமா போனார், முழங்கால்களும் போயின. காற்று மட்டும் அப்படியே இருக்கிறது. ஐந்து வருடமாக அவள் தரையில் கால் வைக்கவில்லை.

நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிவரலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். நாலு பேர் சேர்ந்து ஒரு ஆளைத் தூக்குவது எதற்கு என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பாள். அந்த நாள் வரும்போது தாராளமாகத் தூக்கிக்கொள், அதுவரை என் மேல் கை வைக்காதே என்பாள்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஓட்டு வீட்டில் பாவாயக்கா இருந்தார். அவரும் அக்காவும் பாவாடை கட்டிய நாளிலிருந்து சிநேகிதம். அவருக்கும் முழங்கால் இல்லை. அவரால் ஏற முடியாது, இவளால் இறங்க முடியாது. சாயங்காலம் ஆனால் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார், அக்கா பால்கனியில் உட்காருவாள். நடுவில் நெல் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. கையை ஆட்டிக்கொள்வார்கள், சேலைத் தலைப்பை விரித்துக் காட்டிக்கொள்வார்கள். போனில் பேசலாமே என்றால், முகத்தைப் பார்க்காமல் பேசுவதற்கு நாங்கள் என்ன கடன் அட்டை விற்கிறோமா என்பாள் அக்கா.

அந்த ஆவணியில் பாவாயக்காவின் மகன் பிரபாகர் புனேயிலிருந்து வந்து வீட்டை விற்றுவிட்டான். அம்மாவைக் கூடவே அழைத்துப்போகிறான். அடுத்த வெள்ளிக்கிழமை பயணம். செய்தியை நான்தான் மேலே கொண்டுபோனேன். அக்கா வெகுநேரம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போறதுக்குள்ள ஒருக்கா அவ பக்கத்துல உக்காந்து பேசிப்போட்டாப் போதுஞ் சாமி. வேறொண்ணும் வேண்டாம்."

அவள் எதையும் கேட்கிறவள் அல்ல.

எங்கள் கட்டடத்தில் ஆளை ஏற்றும் இயந்திரம் மாட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கம்பி, மோட்டார், கண்ணாடி பதித்த பெட்டி எல்லாம் சரியாக இருந்தன. சொல்தான் வரவில்லை. வாட்ச்மேன் பெட்டிக்குள் சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருந்தார். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அந்தப் பதவியை வேறு யாரும் ஏற்காததால் என் தலையில் கட்டியிருந்தார்கள். அதனால் சொல்லைத் தேடும் வேலையும் என்னுடையதாயிற்று.

முதலில் லிஃப்டைக் கேட்டோம். அவருக்குக் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் நிற்க நேரமில்லாத வேலை. அதுபோக மிச்ச நேரத்தில் ஊர் ஊராகச் சாலையோரம் நின்று கட்டைவிரலைக் காட்டி பைக்குகளை நிறுத்த வேண்டியிருக்கிறது. வர முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார். அடுத்து மின்தூக்கி. அவர் ஓர் அலுவலகத்தில் இருக்கிறார். மரியாதையான மனிதர், ஆனால் ஐந்து மணிக்கு மேல் யாரையும் ஏற்றுவதில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்திலும் ஏற்றுவதில்லை.

அப்போதுதான் எலிவேட்டர் நினைவுக்கு வந்தார். அவர் எங்கள் ஊருக்குப் புதியவரே அல்ல. எல்லா மில்களிலும் நெல்லை வாளி வாளியாக அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டுகிறவர் அவர்தான். அவருக்கு ஓடும் பெல்ட் என் கடைச் சரக்கு. நாற்பது வருடமாக மில்லிலேயே சாப்பிட்டு மில்லிலேயே தூங்குகிறார், தோளில் எப்போதும் தவிடு. தினமும் பார்க்கிற ஆள் என்பதால் எங்களுக்குத் தோன்றவில்லை. போய்க் கேட்டேன். நெல்லென்றால் சரி, ஆளை ஏற்றிப் பழக்கமில்லை என்றார். அதற்குத் தன் கடைசித் தம்பி இருக்கிறான், சென்னையில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறான், பெயர் அவனுக்கும் எலிவேட்டர்தான் என்றார். அவர்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பி எல்லோருக்கும் ஒரே பெயர். தனித்தனிப் பெயர் வைப்பதை அவர்கள் வீண் செலவாக நினைத்தார்கள்.

நான் சென்னைக்குப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, முறையாக அழைத்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் பக்கத்தில் யாரை அழைத்தாலும், "குடும்பத்தோட வந்துரோணுமுங்க" என்று சொல்லித்தான் முடிப்போம். சொல்லாவிட்டால் அது அழைப்பே அல்ல. ஆனால் சொன்னபடி யாரும் குடும்பத்தோடு வந்துவிட மாட்டார்கள், வீட்டுக்கு ஒருவர் வந்து கை நனைத்துவிட்டுப் போவார்கள். இது அழைக்கிறவருக்கும் தெரியும், வருகிறவருக்கும் தெரியும். சொற்களுக்குத் தெரியாது. சொன்னால் சொன்னதுதான் என்று எடுத்துக்கொள்வது அவர்கள் சுபாவம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலிருந்து குடும்பமே இறங்கியது. ஆளேற்றும் கடைசித் தம்பி சலவைச் சட்டையில் இருந்தார். மூன்றாமவருக்குப் பல் மருத்துவமனையில் வேலை. ஒல்லியான எஃகு உடம்பு, மிக மெதுவாகப் பேசுவார். குறடு பிடுங்குவதற்கு முன்னால் பல்லை வேரோடு அசைத்துக் கிளப்பிக் கொடுப்பவர் அவர். நடுவிலவர் விமானத்தின் வாலில் இருப்பவர். எங்கே போனாலும் கடைசி வரிசையில்தான் உட்காருவார், அவர் லேசாக அசைந்தால் முன்னால் இருப்பவர்களின் முகம் ஆகாயத்தைப் பார்க்கும். மில் அண்ணனும் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார். ஒன்றுவிட்ட உறவுகள் பின்னால் வந்தன. நெம்புகிற வேலை பார்க்கும் லீவர் வந்திருந்தார், கடப்பாரையோடு. லெவியும் வந்திருந்தார். அறுவடைக்கு அறுவடை அரசாங்கத்துக்காக மில்களில் வந்து நெல் அளந்து எடுத்துப்போனவர் அவர்தான் என்று தெரிந்ததும் மில்காரர்கள் இரண்டு பேர் பிறகு பந்தியில் வேறு வரிசைக்கு எழுந்து போனார்கள். சாப்பாடு போட்டே ஆக வேண்டும். ஐந்தாவது மாடியில் அக்கா வீட்டில்தான் பெரிய கூடம். அங்கே இலை போட்டோம்.

அக்கா விருந்தினரை விசாரிப்பதில் கெட்டிக்காரி. எந்த ஊர், யார் வீடு, பூர்வீகம் எது என்று கேட்டு மூன்று தலைமுறையைத் தோண்டி எடுக்காமல் ரசம் ஊற்ற மாட்டாள். கடைசித் தம்பி அடக்கமாகச் சொன்னார். பூர்வீகம் லத்தீன். தாத்தா பெயருக்குப் பாரமில்லாதவர் என்று அர்த்தம். தூக்குவதெல்லாம் பிற்பாடு பிழைப்புக்காக வந்த வேலை. தாத்தா எதையும் தூக்கியதில்லை. சும்மா கனமில்லாமல் இருப்பார், அதுவே அவர் வேலையாக இருந்தது.

வாசல் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இலகு நிமிர்ந்து பார்த்தார். இலகு எங்கள் ஊருக்கு எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாத கிழவர். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளும் வைத்தியரும்தான் அவரைக் கூப்பிடுவார்கள். விருந்துக்கு அழைக்கவே வேண்டாம், வந்துவிடுவார். அவர் தன் பாட்டன் வடக்கே இருந்தபோது அவருக்கும் அதே அர்த்தம் என்று சொன்னார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பின்னோக்கிப் போனார்கள். பாட்டன், முப்பாட்டன், அதற்கும் முன்னால் ஒரு புல்வெளி, குதிரைகள், ஒரே அடுப்பு. சந்தேகமே இல்லை, பங்காளிகள். எப்போதோ ஒருவர் மேற்கே போனார், ஒருவர் தெற்கே வந்தார். எங்கள் ஊரில் பங்காளி என்று தெரிந்ததும் முதலில் வாய்க்கால் தகராறு வரும். இலகு எதையும் கேட்கவில்லை. இன்னும் ஒரு அப்பளம் மட்டும் வாங்கிக்கொண்டார். சாப்பிட்டு முடித்ததும் இறங்கிப் போக மனமில்லை, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று அக்காவின் கூடத்து மூலையில் படுத்துவிட்டார்.

அன்று மாலையே கடைசித் தம்பி பெட்டிக்குள் போய் நின்றார். வெங்காயத்தை அள்ளிவிட்டிருந்தோம். கதவு மூடியது, மோட்டார் ஓடியது, நாலாவது மாடி செல்லம்மிணி இரண்டு குடம் தண்ணீரோடு மேலே போனார். எல்லோரும் கை தட்டினோம்.

திங்கட்கிழமை காலையில் அக்கா சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி பெட்டிக்குள் வந்து நின்றாள். பாவாயக்கா சாலையைக் கடந்து, மெல்ல மெல்ல வந்து, கீழே கதவுக்கு முன்னால் காத்திருந்தார். மேலே கதவு மூடுவதை நான் படியிலிருந்து பார்த்துவிட்டுக் கீழே ஓடினேன். பெட்டி வந்தது. கதவு திறந்தது. உள்ளே கடைசித் தம்பி மட்டும் நின்றார்.

"எங்கீங் அவ?" என்றார் பாவாயக்கா.

அக்கா ஐந்தாவது மாடியில் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். மறுபடி முயன்றோம். மறுபடியும் பெட்டி வந்தது, அவள் வரவில்லை. கடைசித் தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கூட்ல எறக்கிப் பழக்கமில்லீங்க. நெறஞ்சு மேல போவோம், காலியாக் கீழ வருவோம். அண்ணனப் பாத்துத்தானுங்க படிச்சேன்."

உண்மைதான். மில்லில் வாளிகள் நெல்லோடு ஏறும், கவிழ்த்துவிட்டுக் காலியாக இறங்கும். நாற்பது வருடமாக அதற்கு பெல்ட் விற்கிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் ஆட்கள் எப்படி இறங்குகிறார்கள் என்று கேட்டேன். அங்கே இறக்குவதைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருக்கிறார், பெட்டிக்குள் இவர் முதுகுக்குப் பின்னால்தான் நிற்பார், ஆனால் அவருக்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை என்றார். ஏறுவதைத்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பெயர் இல்லாதவருக்கு வெற்றிலை பாக்கு வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் வரவில்லை.

மற்றவர்களுக்கு இது ஒரு குறையாகவே இல்லை. ஏறுவதற்குத்தானே மூச்சு வாங்குகிறது, இறங்குவது நடந்துகொள்ளலாம் என்றார்கள். அக்கா ஒருத்திக்குத்தான் இறங்க வேண்டியிருந்தது. அவள் பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, பழைய சேலைக்கு மாறிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, செயலாளர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

எலிவேட்டர் வீட்டார் நல்லவர்கள். சாப்பிட்ட வீட்டுக்கு உதவாமல் ஊர் திரும்ப மாட்டோம் என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மில் அண்ணன், மேலே ஏற்றிய நெல் தகரச் சரிவில் தானாக இறங்கிவிடும், அதுபோல ஒரு சரிவு போட்டால் ஆயிற்று என்றார். நான் நெல்லா என்று அக்கா கேட்டாள். பல்காரர் முழங்கால்களை வெகுநேரம் தடவிப் பார்த்தார். இவை வேர் விட்டவை அல்ல, தனக்குப் பிடி கிடைக்காது என்று வருந்தினார். விமானக்காரர் மட்டும், தங்கள் குடும்பத்திலேயே இறக்கவும் தெரிந்தவன் தான்தான் என்று கூச்சத்தோடு ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கு வீடு முன்னோக்கி வேகமாக ஓட வேண்டும். வடக்குப் பக்கம் பெட்ரோல் பங்க், தெற்கே கல்யாண மண்டபம். அத்தனை இடம் எங்களுக்கு இல்லை. கடைசியில் நான்கு சகோதரர்களும் சேர்ந்து, நாற்காலியோடு தூக்கிப் படி வழியாக இறக்கிவிடுகிறோம் என்று முன்வந்தார்கள். அக்கா அவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

புதன்கிழமை அவர்கள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். மில் அண்ணன் மில்லுக்குப் போனார். கடைசித் தம்பி பெட்டியிலேயே தங்கினார். இலகுவைக் கூப்பிட்டோம், அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மாலை அக்கா பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். எதிர் வாசலில் நாற்காலி இல்லை. சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள், அதில் அதுவும் போயிருக்க வேண்டும். கையாட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் அவள் தன் கையை மடியில் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கீழே வந்தேன்.

பெட்டிக்கு முன்னால் பாவாயக்கா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் இட்லிப் பாத்திரம். இடுப்பில் சுருக்குப்பை. சாலையைக் கடந்த களைப்பில் முகமெல்லாம் வியர்வை. நான் விஷயத்தைச் சொல்ல வேண்டியவன். இது மேலேதான் போகும் அக்கா, போனால் திரும்ப வராது, உங்களால் படி இறங்கவும் முடியாது, காலையில் ஆறு மணிக்குக் கார் என்றேன்.

"தெரியுமுங் தம்பி," என்றார் அவர். "தெரிஞ்சுதான் இட்லிப் பாத்தரத்தையும் எடுத்துட்டு வந்தன்."

கடைசித் தம்பி பாத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அவருக்கு இடம் விட்டார். கதவு மூடியது. சற்று நேரத்தில் பெட்டி காலியாகக் கீழே வந்தது. ஒரு பெட்டி காலியாக வந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் பிரபாகர் மேலே போனான். அவன் படித்த பையன், குரலை உயர்த்தவில்லை. நடந்ததைக் கேட்டான், அம்மாவைப் பெட்டிக்குள் நிற்கவைத்து மூன்று தடவை கதவை மூடிப் பார்த்தான். பிறகு, நாலு பேரைக் கூட்டிவந்து தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டான்.

"நாலு பேரு தூக்கற வயசு எனக்கின்னும் வரலீடா கண்ணு," என்று அவன் அம்மா சொன்னார். "வந்தாச் சொல்லி உடறன். நீ இட்லி சாப்ட்டுட்டுக் கெளம்பு."

அவன் இட்லி சாப்பிட்டான். எட்டு சாப்பிட்டதாக அக்கா பிற்பாடு பெருமையாகச் சொன்னாள். படி வழியாகத் தனியாக இறங்கி வந்தவன், லாரிக்காரருக்குப் போன் செய்து அம்மாவின் சாமான்களை மட்டும் திருப்பிக் கொண்டுவரச் சொன்னான். போகும்போது என்னிடம், புனே வீட்டிலும் இதே பெயர்க்காரர்தான் இருக்கிறார், அங்கே அம்மா ஏறியிருந்தால் பன்னிரண்டாவது மாடி என்றான். இது பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

அதற்கடுத்த வாரம் ஒருநாள் மதியம் அக்காவுக்குத் தேங்காய் கொண்டுபோனேன். கடைசித் தம்பி மில் அண்ணனைப் பார்க்கப் போயிருந்ததால் படியில் ஏறினேன். நாலாவது மாடி வரை வழக்கம்போல இருந்தது. அதற்கு மேல் கடைசிப் படி எட்டவில்லை. ஐந்தாவது மாடி பாரமில்லாததுபோல் எழும்பி, நாலாவது மாடிக்கும் அதற்கும் நடுவில் சுற்றிலும் ஒரு முழம் இடைவெளி விட்டிருந்தது. அதன் வழியாக வெயிலும் காற்றும் நன்றாக வந்தன. மேலே இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இலகுவின் இருமலும் கேட்டது. பாவாயக்கா ஏதோ சொல்ல, அக்கா தொண்டை அடைக்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வருடக்கணக்காகிறது. சிரிப்பு முடிந்தபோது இடைவெளி இன்னும் இரண்டு விரற்கடை கூடியிருந்தது.

நாலாவது மாடி செல்லம்மிணி அந்த இடைவெளியில் வெள்ளைத் துணி விரித்து வடகம் பிழிந்துவிட்டிருந்தார். நான் தேங்காயை மேலே உருட்டிவிட்டு, வடகத்தை மிதிக்காமல் கையூன்றி ஏறப் பார்த்தேன். அவர் பொறுங்கள் என்று சொல்லி ஸ்டூல் எடுத்துக் கொடுத்தார்.

"ஏனுங்க, நாளைக்கு இன்னுங் கொஞ்சம் தூக்குமுங்களா?" என்று கேட்டார். "பெட்சீட்டு ரண்டு தொவைக்கோணும்."

தூக்கும், துவைத்துப் போடுங்கள் என்றேன்.